நிழலும் ஒரு சுவர்

1915ஆம் ஆண்டு நியூயார்க்கின் பிராட்வே தெருவில் ஈக்விட்டபிள் கட்டடம் எழுந்தது. ஓர் ஏக்கருக்கும் சற்றுக் குறைந்த மனை, 38 மாடிகள், தெருவோரத்தில் தொடங்கிய சுவர் உச்சிவரை எங்கும் உள்வாங்காமல் செங்குத்தாகவே போயிற்று. அக்கம்பக்கத்துக் கட்டடங்களின் சொந்தக்காரர்கள் அந்தச் சுவரைக்கூடப் பொறுத்திருப்பார்கள். அது போட்ட நிழலைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. சுமார் 7 ஏக்கர் அளவுக்கு அந்த நிழல் பரவியது என்று அன்று கணக்குச் சொன்னார்கள். வெளிச்சம் இழந்த அறைகளுக்கு யார் வாடகைக்கு வருவார்கள்?

உயரக் கட்டடங்களுக்கு வரம்பு கட்ட வேண்டும் என்ற பேச்சு அந்த நகரத்தில் ஏற்கனவே நடந்துகொண்டிருந்தது. ஈக்விட்டபிளின் நிழல் அதற்கு வேகம் கூட்டியது. 1916 ஜூலையில் சட்டம் வந்தது. தெருவின் அகலத்தை வைத்து ஒரு சாய்கோடு கணக்கிடப்பட்டது. குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் எந்தச் சுவரும் அந்தச் சாய்கோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மனையின் கால்பங்குப் பரப்பில் மட்டும் கோபுரமாக எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் போகலாம். அடுத்த சில பத்தாண்டுகளில் நியூயார்க்கில் எழுந்த வானளாவிகளில் பெரும்பாலானவை படிப்படியாக ஒடுங்கி மேலேறுவதற்குக் காரணம் இந்தச் சட்டம்தான். கட்டடக் கலைஞர்களின் ரசனை அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. ஒரு நகரத்தின் வடிவத்தைச் சூரியனின் கோணம் நிர்ணயித்த கதை இது.

அந்தச் சட்டத்தைப் பொதுமக்களுக்கு விளங்கவைத்தவர் ஓர் ஓவியர். ஹ்யூ ஃபெரிஸ் 1922இல் கட்டடக் கலைஞர் ஹார்வி வைலி கார்பெட்டுடன் சேர்ந்து நான்கு கரித்துண்டு ஓவியங்களை வரைந்தார். முதல் ஓவியத்தில் சட்டம் அனுமதிக்கும் அதிகபட்சப் பருமன், ஒரு கரிய மலையாக நிற்கிறது. இரண்டாவதில் அறைகளுக்கு வெளிச்சம் போக வேண்டும் என்பதற்காக அந்த மலை அங்கங்கே வெட்டப்படுகிறது. மூன்றாவதில் சாய்வுகள் படிகளாகின்றன. நான்காவதில் கட்டிமுடிக்கக்கூடிய கட்டடம் தெரிகிறது. ஃபெரிஸ் முதலில் தாளைக் கருப்பாக்கினார், பிறகு வெளிச்சத்தைக் கொண்டு செதுக்கினார். கட்டடத்தை வடிவியலாகவும் ஒளியாகவும் காண்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

இந்த நான்கு ஓவியங்களை ஒரு வாசலாக வைத்துக்கொண்டு, அதே காலத்தில் அதே நாட்டில் கட்டடங்களைத் தீட்டிய மூவரைப் பார்க்கலாம்: சார்லஸ் ஷீலர், சார்லஸ் டெமுத், ஜார்ஜியா ஓ'கீஃப். இவர்களுடைய போக்கு பின்னாளில் பிரிசிஷனிஸம் (துல்லியவாதம்) என்று பெயர் பெற்றது. இவர்கள் ஓர் இயக்கமாகக் கூடி அறிக்கை வெளியிட்டவர்கள் அல்லர். கூரிய விளிம்பு, வழவழப்பான பரப்பு, தூரிகைத் தடம் தெரியாத பூச்சு, கட்டடத்தை உருளையும் பெட்டியும் முக்கோணமுமாகக் குறைத்துக் காணும் கண் ஆகியவை இவர்களுக்குப் பொதுவாக இருந்தன. வடிவியலாகக் காண்பது என்றால் கழித்துக் காண்பது. ஜன்னலைக் கழிக்க வேண்டும், கறையைக் கழிக்க வேண்டும், விளம்பரப் பலகையைக் கழிக்க வேண்டும். யார் எதைக் கழித்தார்கள் என்பதில்தான் இவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் வேறுபடுகிறார்கள். கழித்ததைக் காட்டிக் கொடுப்பது நிழல் என்பது என் வாதம்.

முதலில் நிழல் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிட வேண்டும். வெயிலில் நிற்கும் ஒரு பெட்டி வடிவக் கட்டடத்தின் மூலையிலிருந்து பார்த்தால் இரண்டு சுவர்களும், சற்று உயரத்தில் நின்றால் கூரையும் கண்ணில் படும். மூன்றுக்கும் மூன்று ஒளியளவு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம் ஒரே கோடு. அங்கே வெளிச்சம் சட்டென்று முறிகிறது. ஓவியர் கோடு போடத் தேவையில்லை, இரண்டு நிறங்களை அருகருகே வைத்தால் மூலை தானாக எழுந்து நிற்கும். உருளை வேறு. அதில் வெளிச்சம் எங்கும் முறிவதில்லை, வழுக்கிக்கொண்டு போய் இருட்டில் கலக்கிறது. மிக இருண்ட பட்டை உருளையின் ஓரத்தில் இருக்காது, ஓரத்துக்குச் சற்று உள்ளே இருக்கும். தரையிலும் பக்கத்துச் சுவரிலும் பட்டுத் திரும்பும் ஒளி அந்த ஓரத்தை லேசாகத் தூக்கிவிடுகிறது. அந்தத் திரும்பொளியை விட்டுவிட்டு உருளை வரைபவர்களுக்கு அது தட்டையான பலகையாகவே வந்து நிற்கும்.

பொருளின் மேலேயே தங்கும் நிழல் இது. ஒரு பொருள் இன்னொன்றின்மேல் போடும் நிழல் இன்னும் நுட்பமானது. நேர்விளிம்பு ஒன்றின் நிழல் சமதரையில் நேராக விழும், படிக்கட்டில் மடங்கி மடங்கி ஏறும், உருளையில் வளையும். ஆக விழும் நிழல் இரண்டு செய்திகளைக் கொண்டுவருகிறது: தன்னைப் போட்ட பொருளின் வடிவம் ஒன்று, தன்னை ஏற்ற பரப்பின் வடிவம் மற்றொன்று. சூரியன் வெகுதூரத்தில் இருப்பதால் அதன் கதிர்கள் ஏறக்குறைய இணையாக வருகின்றன. ஓர் ஓவியத்தில் எல்லா நிழல்களும் ஒரே திசையில் சாய்ந்திருந்தால் அங்கே ஒரே ஒரு சூரியனும் ஒரே ஒரு நேரமும் இருக்கின்றன என்று பொருள்.

இந்த ஒரே சூரியனைத்தான் க்யூபிஸ்டுகள் அணைத்தார்கள். உருளை, கோளம், கூம்பு ஆகியவற்றைக் கொண்டு இயற்கையை அணுகும்படி ஓவியர் செசான் 1904இல் இளைய ஓவியர் எமில் பெர்னாருக்கு எழுதிய கடிதம் புகழ்பெற்றது. அந்தப் பட்டியலில் கனசதுரம் இல்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கனசதுரத்தைக் கொண்டுவந்தவர்கள் அடுத்த தலைமுறையினர். ஜார்ஜ் ப்ராக் 1908இல் தெற்கு ஃபிரான்ஸின் லெஸ்டாக் ஊரில் வரைந்த வீடுகளுக்குக் கதவும் ஜன்னலும் கிடையாது. அந்த வீடுகளின் நிழல்களை வைத்து மணி சொல்ல முடியாது. ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனியே ஒளி வந்து விழுகிறது. நேரம் நீங்கியதால் அந்த மலைச்சரிவு எந்த நாளையும் சேராத ஓர் அமைப்பாகிவிட்டது.

ஷீலர் இதையெல்லாம் கண்ணால் கண்டவர். 1883இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்து, பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்தில் படித்து, 1908 வாக்கில் இத்தாலிக்குப் போய்ப் பியரோ டெல்லா ஃபிரான்செஸ்காவின் சுவரோவியங்களையும், பாரிஸில் செசானையும் பிக்காசோவையும் பார்த்துவிட்டுத் திரும்பினார். 1913இல் நியூயார்க்கைக் கலக்கிய ஆர்மரி கண்காட்சியில் அவருடைய ஓவியங்களும் இருந்தன. பியரோவின் ஒளி நிதானமானது, எங்கிருந்து வருகிறது என்று விரல் வைத்துச் சொல்லக்கூடியது. ப்ராக்கின் ஒளி அப்படியல்ல. இந்த இரண்டுக்கும் நடுவே ஷீலர் தன் இடத்தைத் தேடிக்கொண்டது கேமராவின் உதவியால்.

ஓவியம் சோறு போடவில்லை என்பதால் 1910க்குப் பிறகு அவர் தானே புகைப்படம் கற்றுக்கொண்டு, கட்டடக் கலைஞர்களுக்காக வீடுகளைப் படமெடுத்துப் பிழைத்தார். நண்பர் மார்ட்டன் ஷாம்பெர்குடன் சேர்ந்து டாய்ல்ஸ்டவுன் என்னும் ஊரில் பதினெட்டாம் நூற்றாண்டுக் கல்வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார். அந்த வீட்டின் உட்புறத்தை 1917 வாக்கில் எடுத்த படங்கள் அவர் வாழ்நாள் சாதனைகளில் சேரும். இரவு நேரத்தில் விளக்கை வைத்து எடுத்தவை அவை. ஒரு படத்தில் இரும்பு அடுப்பு முழுக் கருப்பாக நிற்கிறது, வெளிச்சம் அதற்குப் பின்னாலிருந்து வருகிறது, ஜன்னல் கண்ணாடிகளும் கருப்பு. சுவர், அடுப்பு, ஜன்னல், நிழல் எல்லாம் ஒரே எடையுள்ள செவ்வகங்களாகிவிடுகின்றன. நிழலும் ஒரு சுவராகலாம் என்பதை அவர் கண்டுகொண்டது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

அந்த வட்டாரத்து விவசாயிகள் கட்டிய பெரிய களஞ்சியக் கொட்டில்களை அவர் திரும்பத் திரும்ப வரைந்தார். கட்டடக் கலைஞர் யாரும் வரைபடம் போடாமல், வைக்கோலுக்கும் மாட்டுக்கும் என்ன தேவையோ அதற்கேற்ப எழுந்த கட்டடங்கள் அவை. பாரிஸ் ஓவியர்கள் உடைத்துத் தேடிய வடிவங்கள் பென்சில்வேனியா வயல்காட்டில் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தன. 1917இல் அவர் வரைந்த ஒரு கொட்டில், தரையே இல்லாமல் வெற்றுத்தாளில் மிதக்கிறது. அங்கே கழிக்கப்பட்டது சுற்றுப்புறம் மட்டுமே. அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த பிறகு கழித்தலின் கணக்கு மாறுகிறது. புகைப்படக் கலைஞர் பால் ஸ்ட்ராண்டுடன் சேர்ந்து ஷீலர் 1920இல் எடுத்த ‘மன்ஹாட்டா’ என்ற பத்து நிமிடத்துச் சொச்சம் ஓடும் மௌனப்படத்தில் மக்கள் இருக்கிறார்கள். படகிலிருந்து இறங்கி மொத்தமாக வழியும் கூட்டம் அதன் மறக்க முடியாத காட்சி. அந்தப் படத்தின் ஒரு சட்டகத்தை வைத்து அதே ஆண்டில் அவர் தீட்டிய ‘சர்ச் ஸ்ட்ரீட் எல்’ ஓவியத்தில் ஓர் ஆள்கூட இல்லை. உயரத்திலிருந்து கீழே பார்க்கும் கோணம். மேம்பாலத்தில் ஓடும் ரயில் ஓர் ஓரமாக ஊர்கிறது. பெரும்பாலான ஜன்னல்கள் போய்விட்டன. மணல், காவி, சாம்பல் நிறங்களில் தட்டையான பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருக்கின்றன. கட்டடங்கள் தெருவில் போடும் நிழல் அந்தக் கட்டடங்களுக்குச் சமமான அகலமும் அழுத்தமும் கொண்டது. எது சுவர், எது நிழல் என்று தெரிந்துகொள்ளச் சில நொடிகள் ஆகின்றன. ப்ராக்கைப் போல் அவர் சூரியனை அணைக்கவில்லை. ஒரே சூரியன், ஒரே நேரம். ஆனாலும் இது ஒரு பகல்பொழுதின் தெருவைப் போல் இல்லை. தெருவில் யாரும் இல்லையே.

1927இல் ஷீலரின் வாழ்க்கையையே திருப்பிய வேலை வந்தது. ஃபோர்டு நிறுவனம் மாடல் டி காரை நிறுத்திவிட்டு மாடல் ஏ காரைக் கொண்டுவரும் தறுவாயில் இருந்தது. அதற்கான விளம்பரப் பொறுப்பை ஏற்றிருந்த என். டபிள்யூ. அயர் நிறுவனம், டெட்ராய்ட்டை ஒட்டியுள்ள டியர்பார்னின் ரிவர் ரூஜ் ஆலையைப் படமெடுக்க ஷீலரை அனுப்பியது. ஆல்பர்ட் கான் என்ற கட்டடக் கலைஞர் பெரும்பங்கு வகித்து எழுப்பிய ஆலை அது. இரும்புத்தாதும் நிலக்கரியும் ஒரு முனையில் கப்பலில் வந்து இறங்கும், மறுமுனையில் கார் வெளியேறும். ஊது உலைகள், கரிச்சூளைகள், கண்ணாடித் தொழிற்சாலை, ஆலைக்குள்ளேயே ஓடும் ரயில்பாதைகள், 75,000 பேர் அளவுக்குத் தொழிலாளர்கள். ஏறத்தாழ ஆறு வாரம் அங்கே தங்கிய ஷீலர் 32 படங்களைத் தேர்ந்து கொடுத்தார். ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஏறும் இரண்டு கன்வேயர்களின் படம் அவற்றில் மிகப் புகழ்பெற்றது. பெரும்பாலான படங்களில் மனிதர்கள் இல்லை. இருக்கும் சிலவற்றிலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் சிறுத்துப்போய் நிற்கிறார்கள்.

சில ஆண்டுகள் கழித்து அந்த ஆலையின் காட்சிகளை அவர் தைலவண்ணத்துக்குக் கொண்டுவந்தார். 1930இல் ‘அமெரிக்கன் லேண்ட்ஸ்கேப்’, 1931இல் ‘கிளாசிக் லேண்ட்ஸ்கேப்’. முதல் ஓவியத்தில் கால்வாய், தண்டவாளம், புகைபோக்கி. ஊன்றிப் பார்த்தால் தண்டவாளங்களுக்கிடையே ஓர் எறும்பளவு மனிதன். இரண்டாவதில் அவனும் இல்லை. அகலம் சுமார் 82 சென்டிமீட்டர், உயரம் 63 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் உள்ள அந்தக் கேன்வாஸில் ரூஜின் சிமெண்ட் ஆலை இருக்கிறது. ஊது உலையின் கசடைச் சிமெண்டாக்கும் பகுதி அது. வரிசையாக நிற்கும் சேமிப்பு உருளைகள், செவ்வகக் கட்டடம், முக்கோணமாய்க் குவிந்த பொருள்கள், பார்வையை உள்ளே இழுத்துக்கொண்டு ஓடும் இரும்புப் பாதை. உருளைகளை அவர் கிரேக்கக் கோயிலின் தூண்வரிசை போல நிறுத்தியிருக்கிறார். தலைப்பும் அதைத்தான் சொல்கிறது.

ஒரு சிமெண்ட் உருளையில் கிரேக்கத்தைக் கண்டது ஷீலர் மட்டுமல்ல. கட்டடக் கலைஞர் வால்ட்டர் க்ரோபியஸ் 1913இலேயே அமெரிக்கத் தானியக் குதிர்களின் புகைப்படங்களை ஜெர்மன் ஆண்டிதழ் ஒன்றில் வெளியிட்டிருந்தார். இன்னொரு கட்டடக் கலைஞரான லெ கார்பூசியே 1923இல் வெளிவந்த தன் நூலில் அதே குதிர்களைக் காட்டி, ஒளியில் நிற்கும் தூய வடிவங்களே கட்டடக்கலை என்று வாதிட்டார். அதற்காக அவர் செய்த ஒரு காரியம் கவனிக்கத்தக்கது. புவெனஸ் ஐரஸ் நகரத்துக் குதிர் ஒன்றின் புகைப்படத்தில், உருளைகளின் உச்சியில் இருந்த முக்கோண முகப்பு அலங்காரங்களை அழித்துவிட்டே அச்சிட்டார். தூய வடிவம் கிடைக்கவில்லை, ஆக்கிக்கொண்டார். வடிவியல் பார்வை எவ்வளவு ஆசையுடையது என்பதற்கு இது சாட்சி.

ஷீலரின் ஓவியத்துக்குத் திரும்புவோம். அதில் என்னை நிறுத்துவது நிழலின் விளிம்பு. சூரியன் ஒரு புள்ளியல்ல. வானத்தில் ஏறக்குறைய அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அதனால் எந்த நிழலின் ஓரமும் சற்றே மங்கும்; மங்கலின் அகலம், நிழலைப் போடும் விளிம்புக்கும் நிழல் விழும் இடத்துக்கும் உள்ள தூரத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். முப்பது மீட்டர் தூரம் கடந்து விழும் நிழலுக்குக் கிட்டத்தட்ட முப்பது சென்டிமீட்டர் மங்கல். காற்றில் தூசியும் புகையும் இருந்தால் வெளிச்சம் சிதறி நிழலே வெளுத்துப்போகும். கரிச்சூளையும் ஊது உலையும் இரவு பகலாக எரியும் ஓர் ஆலையின் காற்று எப்படியிருக்கும்? ஷீலரின் நிழல்களோ கத்தியால் நறுக்கியவை. மலைக்காற்றில்கூடக் கிடைக்காத தெளிவு அந்த ஆலைமுற்றத்தில் நிலவுகிறது. துல்லியவாதி என்று பெயரெடுத்தவர் வெயிலைக் கண்டபடி தீட்டவில்லை, கழுவித் தீட்டியிருக்கிறார். நிழலின் கூர்மை காற்றிலிருந்த கரியைக் கழித்துவிட்டது. கரியோடு சேர்ந்து அதைச் சுவாசித்தவர்களும் போய்விட்டார்கள்.

‘கிளாசிக் லேண்ட்ஸ்கேப்’ ஓவியத்தை 1932இல் விலைக்கு வாங்கியவர் ஹென்றி ஃபோர்டின் மகனும் நிறுவனத்தின் தலைவருமான எட்செல் ஃபோர்டு. அதே 1932, மார்ச் 7ஆம் தேதி, பெருமந்தத்தில் வேலையிழந்த ஆயிரக்கணக்கானோர் டெட்ராய்ட்டிலிருந்து ரூஜ் ஆலை வாசலை நோக்கி ஊர்வலமாக வந்தார்கள். டியர்பார்ன் காவலர்களும் நிறுவனத்தின் பாதுகாவலர்களும் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். காயம்பட்ட ஒருவர் பின்னர் இறந்தார். ஷீலர் தீட்டிய தண்டவாளங்களும் உருளைகளும் அந்த மதிலுக்கு உள்ளேதான் இருந்தன.

எட்செல் ஃபோர்டின் பணத்தில் அந்த ஆண்டே இன்னோர் ஓவியரும் ரூஜுக்குள் நுழைந்தார். மெக்ஸிகோவின் டியேகோ ரிவேரா, டெட்ராய்ட் கலைக்கூடத்தின் உள்முற்றச் சுவர்களில் 1932 கோடையில் தொடங்கி 1933 மார்ச்சில் முடித்த 27 சுவரோவியங்களில் ஆலை முழுக்க மனிதர்கள். குனிந்தும் இழுத்தும் தள்ளியும் முறுக்கியும் நிற்கும் உடல்களுக்கு நடுவே இயந்திரம் பிதுங்கித் தெரிகிறது. ரிவேராவிடம் தரையில் நீளமாய் விழும் நிழல் அநேகமாக இல்லை. ஒளி உலையிலிருந்து வருகிறது. பணம் கொடுத்த எட்செலையும் ஒரு மூலையில் அவர் தீட்டியிருக்கிறார். ஒரே ஆலை, ஒரே புரவலர், ஒன்றிரண்டு ஆண்டு இடைவெளி. ஒருவர் வெயிலில் வடிவங்களைப் பார்த்தார், மற்றவர் நெருப்பொளியில் தோள்களைப் பார்த்தார்.

ஷீலரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. ‘கிளாசிக் லேண்ட்ஸ்கேப்’ பெரிய ஓவியம். அதன் சமநிலை, ஒவ்வொரு உருளையிலும் வெளிச்சம் நழுவிப் போகும் அந்தப் பக்குவம், அந்த அசைவற்ற மௌனம், இவற்றைக் கண்டபின் எந்தத் தொழிற்சாலையையும் பழைய கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் அந்த மௌனத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அதைச் சொல்லாமல் அதன் அழகை மட்டும் பாராட்டும் கலை விமர்சனம் பாதி வேலைதான் செய்கிறது.

சார்லஸ் டெமுத்தும் 1883இல்தான் பிறந்தார். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் அவர் ஊர். வாழ்வின் பெரும்பகுதி அங்கே, தாயாரின் வீட்டில். கடுமையான நீரிழிவு நோயாளி. 1920களின் தொடக்கத்தில் இன்சுலின் கிடைத்த முதல் தலைமுறை நோயாளிகளில் ஒருவர் என்பதால்தான் 1935 வரை உயிரோடிருந்தார். 1917இல் பெர்முடா தீவின் வீடுகளை நீர்வண்ணத்தில் தீட்டியபோது க்யூபிஸத்தைத் தன் கைக்கு ஏற்றபடி மெலிதாக்கிக்கொண்டார். பத்தாண்டு கழித்து, 1927இல், லங்காஸ்டரில் இருந்த ஒரு தீவன நிறுவனத்தின் புதிய கான்கிரீட் தானியக் குதிரைத் தீட்டி அதற்கு ‘மை ஈஜிப்ட்’ என்று பெயரிட்டார். இன்று அது நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தாழ்ந்த கோணத்திலிருந்து அண்ணாந்து பார்க்கும் ஓவியம். இரண்டு பெரிய உருளைகள், மேலே ஒரு பெட்டிக் கட்டடம், அடியில் பழைய வீடுகளின் கூரைகள் ஒண்டிக்கொண்டு நிற்கின்றன. அளவுகோல் வைத்து இழுத்தது போன்ற ஒளிக்கற்றைகள் வானத்திலிருந்து சரிந்து குதிரின் குறுக்கே பாய்கின்றன. கற்றை கடக்கும் இடமெல்லாம் நிறம் மாறுகிறது. வானமும் பலகை பலகையாகப் பிரிகிறது. ஷீலரிடம் நிழல் சுவரானது என்றால், டெமுத்திடம் ஒளியே சுவராகிறது. எந்தச் சூரியனும் இப்படிப் பல திசைகளிலிருந்து கற்றைகளை எறியாது. இங்கே நேரம் கிடையாது. துட்டன்காமனின் கல்லறை 1922இல் திறக்கப்பட்டு உலகமே எகிப்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பிரமிடும் சாவுக்காகக் கட்டப்பட்டதுதானே. நோயோடு வாழ்ந்த ஒருவர் தன் ஊரின் தீவனக் குதிரில் ஒரு கல்லறையைக் கண்டிருந்தால் அதில் வியப்பில்லை. இதே காலத்தில் ஜெர்மனியில் லயோனெல் ஃபைனிங்கர், வைமார் அருகே உள்ள கெல்மெரோடா என்ற சிற்றூரின் தேவாலயத்தை இதுபோன்ற ஒளிப்பலகைகளாகப் பலமுறை தீட்டினார். ஆனால் அவர் எடுத்துக்கொண்டது ஏற்கனவே புனிதமான கட்டடம். டெமுத் எடுத்ததோ மாட்டுத்தீவனம் அடைத்துவைக்கும் கான்கிரீட். அந்தத் துணிவால் ‘மை ஈஜிப்ட்’ என் கணக்கில் ஒரு படி மேல். அதோடு, டெமுத் அடியிலிருந்த பழைய கூரைகளைக் கழிக்கவில்லை. புதிய கட்டடம் எதன் தலைமேல் எழுந்தது என்பது அவர் ஓவியத்தில் தெரிகிறது.

ஜார்ஜியா ஓ'கீஃப் பூக்களால் அறியப்பட்டவர். அவருடைய கட்டடங்களுக்கு உரிய கவனம் பிந்தியே கிடைத்தது. 1925இல் அவரும் கணவர் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்ளிட்ஸும் நியூயார்க்கின் ஷெல்டன் ஹோட்டலில் குடியேறினார்கள். பிறகு அவர்கள் இருந்தது முப்பதாவது மாடி. 1916ஆம் ஆண்டுச் சட்டம் கேட்ட படிப்படியான ஒடுக்கத்தை முதன்முதலில் அழகாக நிறைவேற்றிய கட்டடங்களில் ஒன்று ஷெல்டன். 1926இல் அவர் தீட்டிய ‘ஷெல்டன் வித் சன்ஸ்பாட்ஸ்’ ஓவியத்தில் அந்தக் கோபுரத்தின் ஒரு விளிம்பைச் சூரியன் கடித்துத் தின்றுவிட்டது. வெளிச்சம் மிகுந்துபோன இடத்தில் கட்டடமே இல்லை. கேமராவைச் சூரியனுக்கு நேரே திருப்பினால் படத்தில் மிதக்குமே வட்டப் பொட்டுகள், அவை ஓவியமெங்கும் மிதக்கின்றன. வடிவத்தைக் காட்டுவது ஒளியின் வேலை என்று பழகியிருந்த கண்ணுக்கு, வடிவத்தை அழிப்பதும் ஒளிதான் என்று அவர் காட்டினார். நிழலுக்காகச் சட்டம் போட்ட ஊரில், வெளிச்சத்தால் சிதையும் ஒரு கட்டடம்.

1929இல் அவர் நியூ மெக்ஸிகோவுக்குப் போனார். டாவோஸ் அருகே ராஞ்சோஸ் என்ற ஊரில், ஸ்பானிய ஆட்சிக் காலத்தில் தொடங்கி பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் கால்பகுதிக்குள் கட்டிமுடிக்கப்பட்ட புனித பிரான்சிஸ் அசிசி தேவாலயம் இருக்கிறது. பச்சைச் செங்கல் சுவர், மேலே மண்பூச்சு. முன்பக்கம் இரட்டைக் கோபுரம், சிலுவை, வாசல். ஓ'கீஃப் கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனார். அங்கே ஜன்னலோ கதவோ கிடையாது. சுவர் சரியாமல் தாங்கும் பருத்த முட்டுச்சுவர்கள் மட்டும். ஷீலர் தூரிகையால் கழித்ததை அவர் நிற்கும் இடத்தை மாற்றியே கழித்துவிட்டார். கட்டடத்திலிருந்து எதையும் அழிக்கவில்லை, அது ஏற்கனவே வெறுமையாக இருந்த பக்கத்தைத் தேர்ந்தார்.

அந்தச் சுவர்களில் எந்த விளிம்பும் கூர்மையாக இல்லை. பெட்டிபோல் இருக்க வேண்டிய முட்டுச்சுவர் உருளை போல வெளிச்சத்தை வழுக்கிவிடுகிறது. பெட்டிக்கும் உருளைக்கும் இடைப்பட்ட அந்த வடிவத்தை எந்தப் பாடப்புத்தகமும் பட்டியலிடவில்லை. அந்த வளைவு மழையும் கையும் சேர்ந்து உண்டாக்கியது. ஊர்மக்கள் ஆண்டுதோறும் கூடி, மண்ணும் வைக்கோலும் தண்ணீரும் குழைத்துக் கையால் பூசும் சுவர் அது. பூசப்பூச மூலை உருளும். ஆகவே அந்த ஓவியங்களில் ஆள் யாரும் இல்லாவிட்டாலும் நிழலின் மெத்தென்ற ஓரத்தில் பூசிய கைகள் இருக்கின்றன. ஷீலரின் ஆலையில் காணாமற்போனவர்கள் ஓ'கீஃபின் தேவாலயத்தில் காணாமலே இருந்துகொண்டு இருக்கிறார்கள். மூவரில் வடிவியலை மிகக் குறைவாக நம்பியவரிடம்தான் அது மிக உண்மையாக வந்திருக்கிறது என்பது என் முடிவு.

அந்தச் சுவரே பின்னாளில் ஒரு சோதனைக்கு உள்ளானது. ஆண்டுதோறும் பூசும் வேலையைத் தவிர்ப்பதற்காக 1967இல் தேவாலயத்துக்குச் சிமெண்ட் பூசினார்கள். சிமெண்டுக்கு உள்ளே ஈரம் சிக்கிக்கொண்டு பச்சைச் செங்கல் கரையத் தொடங்கியது. 1979இல் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு மண்பூச்சுக்கே திரும்பினார்கள். இன்றும் ஊர்மக்கள் கூடித்தான் பூசுகிறார்கள்.

நம் ஊர்க் கலைக்கல்லூரிகளில் கட்டடம் வரையப் பழகுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். கனசதுரம், உருளை, கூம்பு என்று கட்டடத்தைக் குறைத்து வரையும் பயிற்சி அவசியமானது, அதை விடக் கூடாது. வரைந்து முடித்தபின், நேரில் இருந்தும் தாளில் வராமற்போனவற்றை அந்தத் தாளின் பின்புறத்தில் எழுதிவையுங்கள்: ஜன்னல், கம்பி, கறை, கொடியில் காயும் துணி, வாசலில் உட்கார்ந்திருந்த ஆள். அதன்பின் அதே கட்டடத்தை, அதே நேரத்து வெயிலில், இன்னொரு முறை வரையுங்கள்.